கார்பன் எரிந்த காலமும் கார்பன் படியும் காலமும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பழைய தியேட்டர்களில் படம் ஓடியது கார்பன் குச்சி புண்ணியத்தில். டூரிங் டாக்கீஸிலும் அதேதான். செம்பு பூசிய இரண்டு குச்சிகளை ஆபரேட்டர் தொடவிட்டு மெல்ல விலக்குவார். நடுவில் கார்பன் ஆவியாகி, மின்சாரம் பாயும் பிளாஸ்மாவாகி, கண்கூசும் வெளிச்சம் கிளம்பும். முனையில் வெப்பம் 3,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குச்சி எரிந்து குறையக் குறைய, கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து இடைவெளியைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மங்கும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். மிஞ்சிய துண்டுகளைப் பையன்கள் பொறுக்கிப்போய்ச் சுவரில் கிறுக்குவார்கள்.

பிறகு செனான் விளக்கு வந்தது. சுவிட்சைத் தட்டினால் எரியும்; அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கார்பன் வெளிச்சத்தைப் பார்க்க இன்று ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். காற்றை உறிஞ்சி எடுத்த கலனுக்குள் ஒரு கிராஃபைட் வில்லை. அதன்மேல் லேசர் விட்டுவிட்டு விழும். ஒவ்வொரு அடியும் சில பத்து நானோ விநாடிதான். பிளாஸ்மா பீறிட்டு எதிரிலுள்ள தகட்டில் படிந்து, கடினத்தில் வைரத்தை நெருங்கும் படலமாகிறது. தியேட்டரில் வெளிச்சம்தான் சரக்கு. இங்கே படலம்தான் சரக்கு, வெளிச்சம் அதன் தரத்துக்குத் துப்பு. ஸ்பெக்ட்ரோமீட்டரில் 516 நானோமீட்டர் அருகே பச்சைப் பட்டை தெரிந்தால், இரண்டிரண்டு அணுவாகச் சேர்ந்த கார்பன் இருக்கிறது என்று பொருள். ஸ்காட்லாந்தின் வில்லியம் ஸ்வான் 1850களில் தீச்சுடரில் ஆராய்ந்த அதே பட்டை. 427 அருகே நீலக்கோடு தெரிந்தால் அது கார்பன் அயனி. போதிய வேகத்தோடு அயனிகள் வந்து மோதினால் படலத்தில் வைரத்தன்மை கூடும். நிறம் பார்த்துக் கைப்பக்குவத்தில் ஆபரேட்டர் செய்த வேலைதான், வெளிச்சத்தை வைத்துத் தரம் அறியும் இந்த வேலையும். அவருக்கு அதற்குரிய மரியாதை கிடைக்கவில்லை என்பேன்.

"பெட்டி வந்தாச்சா?" என்று ஃபிலிம் சுருள் பெட்டிக்காகக் கேட்ட காலமும் போயிற்று. படம் இப்போது ஹார்டு டிஸ்க்கிலோ சாட்டிலைட் வழியாகவோ வருகிறது. அந்த டிஸ்க்கின் தட்டைத் தேயாமல் காப்பதும் சில நானோமீட்டர் கனமுள்ள கார்பன் பூச்சுதான். பெரும்பாலும் லேசரால் அல்ல, வேறு பிளாஸ்மா முறைகளில் பூசுகிறார்கள்.

பழைய ஆபரேட்டர்கள் வீட்டுப் பரணில் கார்பன் குச்சி கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். விழுப்புரம் அறிஞர் அண்ணா கல்லூரிக்கோ திண்டிவனம் கோவிந்தசாமி கல்லூரிக்கோ கொடுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்டு எரித்துக் காட்டினால், ஸ்வான் பட்டையை இயற்பியல் மாணவர்கள் நேரிலேயே படித்துக்கொள்வார்கள்.