மலையடிவாரத்து ஆட்டுக்கிடை

ஆடுகளைக் கொட்டிலுக்கு ஓட்டிப் போகாமல், பயிர் இல்லாத நிலத்திலேயே இரவு முழுவதும் மடக்கிப் படுக்கவைப்பது கிடை. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அந்த நிலத்துக்கு உரமாகின்றன. நிலத்துக்காரர் அதற்குக் கூலி தருகிறார். ஆட்டுக்காரர் மறுநாள் கிடையை அடுத்த துண்டுக்கு நகர்த்துகிறார். தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் மலையடியில் கால்நடையோடு இரவு தங்கும் வாழ்க்கை என்றால் அது ஆட்டுக்கிடைதான். அது உழவும் மேய்ச்சலும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு.

நிலமும் பருவமும்

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி வழியாகக் கிழக்கே ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடரில் உள்ள கணவாய் வழியாக ஜூன் முதல் தென்மேற்குக் காற்று நுழைகிறது. அதனால் அடிவாரத்தில் சாரல் விழுகிறது. அருவிகளில் தண்ணீர் கொட்டுகிறது. கிழக்கே போகப் போக மழை குறைகிறது. ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கத்து மானாவாரி நிலங்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே விதைக்கப்படுகின்றன.

கிடையின் வழித்தடத்தை இந்த வேறுபாடுதான் வகுத்துக் கொடுக்கிறது. நன்செயில் ஜூனில் தொடங்குவது கார் சாகுபடி. அக்டோபரில் தொடங்கி மாசி, பங்குனியில் அறுவடையாவது பிசானம். பிசான அறுப்பு முடிந்தபின் கார் நடவு வரை வயல்கள் சும்மா கிடக்கும். சிந்திய நெல்லும் அரிதாளும் வரப்புப் புல்லும் ஆட்டுக்குத் தீவனம். அந்தக் கோடை மாதங்களில் கிடைகள் குளத்துப் பாசன வயல்களில் இருக்கும். சாரல் தொடங்கி நடவு வேலை வந்ததும் மந்தை கிழக்கே நகரும். மானாவாரி நிலம் ஆடி, ஆவணியில் விதைப்புக்காகக் காத்திருப்பதால் அங்கே அப்போது கிடைக்குத் தேவை இருக்கும். ஈரமண்ணில் நெடுநாள் நின்றால் ஆட்டுக்குக் குளம்பு அழுகும் என்பதும் இந்த நகர்வுக்கு ஒரு காரணம். அடைமழைக் காலத்தில் மேட்டு நிலமும் புறம்போக்கும் குளத்துக் கரையும் புகலிடம்.

மந்தை

கிடையில் பெரும்பாலும் செம்மறிகளே இருக்கும். கூடவே சில வெள்ளாடுகளும் திரியும். செம்மறி குனிந்து புல் மேயும். வெள்ளாடு நிமிர்ந்து தழை கடிக்கும். தென்மாவட்டங்களுக்கே உரிய செம்மறி இனங்கள் பல. செம்பழுப்பு நிறமுடைய செவ்வாடு பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்கு உரியது. அரியானாவின் கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபணு வளங்கள் பணியகம் இதைத் தனி இனமாகப் பதிவு செய்துள்ளது. கீழக்கரிசல் என்ற இனத்துக்கு அடிவயிறு கறுத்திருக்கும். தூத்துக்குடி மாவட்டத்து வேம்பூர் ஆடு, வெள்ளை உடம்பில் செந்நிறப் பொட்டுகள் கொண்டது. இவற்றின் உடம்பில் கம்பளிக்கு ஆகும் மயிர் கிடையாது. இறைச்சிக்காகவும் எருவுக்காகவும் வளர்க்கப்படுகின்றன. நெடுந்தூரம் நடக்கவும், வெயிலைத் தாங்கவும், காய்ந்த புல்லில் உடம்பைத் தேற்றவும் தெரிந்த ஆடுகள் இவை.

சில நூறு ஆடுகள் கொண்ட ஒரு கிடை, பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. உறவினரும் ஊர்க்காரரும் தத்தம் ஆடுகளைச் சேர்த்துக் காவலையும் கூலியையும் பங்கிட்டுக்கொள்வார்கள். கோனார் சமூகத்தவர் இந்தத் தொழிலில் தலைமுறைகளாக இருந்து வருகிறார்கள். பிற சமூகத்தாரும் உண்டு. கிடையின் வாழ்க்கை தமிழ் இலக்கியத்திலும் பதிந்திருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணனின் ‘கிடை’ குறுநாவல், அம்ஷன் குமார் இயக்கத்தில் 2003-இல் ‘ஒருத்தி’ என்ற திரைப்படமானது.

ஓர் இரவின் வேலை

பொழுது சாயும் நேரத்தில் மந்தை வயலுக்குத் திரும்பும். கம்புகளை ஊன்றி வலையைக் கட்டி வளைப்பு போடுவார்கள். முன்பு படல்கள் இந்த வேலையைச் செய்தன. பகலெல்லாம் தாயைப் பிரிந்திருந்த குட்டிகளைத் திறந்துவிட்டு, ஒவ்வொன்றும் தன் தாயிடம் பால் குடிக்கிறதா என்று பார்ப்பார்கள். தாய் சேர்க்காத குட்டியை வேறு ஆட்டிடம் ஊட்டவிடுவதும் உண்டு. பிறகு குட்டிகளைக் குடாப்பு எனப்படும் கவிழ்த்த கூட்டுக்குள் அடைப்பார்கள். பனியும் நரியும் அண்டாமல் அது காக்கும். ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம். ஆதலால் கிடை வயலில் இருக்கும்போதே ஈற்று நடப்பது வழக்கம்.

காவலுக்கு நாயும், முறைவைத்து விழித்திருக்கும் ஆட்களும் உண்டு. மலையை ஒட்டிய ஊர்களில் சிறுத்தைக்கும் மற்ற இடங்களில் நரிக்கும் திருடருக்கும் பயம். காலையில் குட்டிகளுக்கு மறுபடி பால் ஊட்டி, நொண்டும் ஆட்டையும் கழியும் ஆட்டையும் பிரித்து மருந்து கொடுத்து, மந்தையை மேய்ச்சலுக்குக் கிளப்புவார்கள். அதற்குள் வலையைப் பிடுங்கிப் பக்கத்துத் துண்டில் ஊன்றியாக வேண்டும். முன்பு கூலி நெல்லாக அளக்கப்பட்டது. இப்போது ஆட்டின் எண்ணிக்கைக்கும் இரவுக் கணக்குக்கும் ஏற்பப் பணமாகத் தரப்படுகிறது.

உரத்தின் கணக்கு

ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று உழவர்கள் சொல்வதற்கு அடிப்படை உண்டு. சாதாரணத் தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 சதவீதம். ஆட்டு எருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதமும், மணிச்சத்து 1 சதவீதமும், சாம்பல் சத்து 2 சதவீதமும் இருப்பதாக வேளாண் கையேடுகள் கணக்கிடுகின்றன. கொட்டிலில் மூத்திரம் பெரும்பாலும் வீணாகிறது. கிடையிலோ அது நேராக மண்ணில் இறங்குகிறது. எருவை அள்ளவும் வண்டியேற்றவும் இறைக்கவும் செலவில்லை. ஆனால் வெயிலில் காய விட்டால் தழைச்சத்து காற்றில் கரைந்துவிடும். அதனால் கிடை பெயர்ந்ததும் தாமதமின்றி உழுதுவிடுவது நல்லது.

நோயும் காப்பும்

கிடைக்குப் பெரிய எதிரி தொற்றுநோய். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான், 1987-இல். நீலநாக்கு நோய் கொசு போன்ற ஒருவகைச் சிறு பூச்சி கடிப்பதால் பரவுகிறது. ஈரப்பதம் மிகுந்த வடகிழக்கு மழைக்காலத்தில் அது செம்மறிகளை வாட்டும். இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. மழைக்கு முன்பே போட்டுக்கொண்டால்தான் பயன். இடம் மாறிக்கொண்டே இருக்கும் கிடையைத் தேடிப்போய் ஊசி போடும் கால்நடை மருத்துவப் பணி, இங்கே உயிர்காக்கும் பணி.

கிடையோடு தங்க விரும்புவோருக்கு

குற்றாலத்துக்குச் சீசனில் வருவோர் மலைக்காட்டுக்குள் இரவு தங்க நினைக்கக் கூடாது. இப்பகுதிக் காடுகளில் பெரும்பகுதி 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தில் அடங்கும். வனத்துறை அனுமதியின்றி அங்கே நுழைவதே குற்றம். பட்டா நிலத்தில் போட்ட கிடையில், ஆட்டுக்காரரும் நிலத்துக்காரரும் சம்மதித்தால் ஓர் இரவு உடனிருக்கலாம். வெளிநாயைக் கூட்டிவரக் கூடாது. திடீர் வெளிச்சத்தாலும் சத்தத்தாலும் மந்தை மிரண்டு வலையை முட்டிச் சிதறும். ஆட்டுக்குச் சோறோ அரிசியோ போடவே கூடாது. அளவு மீறினால் இரைப்பையில் அமிலம் பெருகி ஆடு செத்துவிடும்.

சுருங்கும் வெளி

கிடை நிலைக்கத் தரிசு வேண்டும், தண்ணீர் வேண்டும், நடந்துபோக வழி வேண்டும். மூன்றும் குறைகின்றன. வயல்கள் மனைகளாகின்றன, புறம்போக்குகள் வேலியிடப்படுகின்றன. சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் தடை விதித்தது. காட்டுயிரைக் காப்பது அவசியம். அதே அளவு அவசியம், காட்டுக்கு வெளியே மேய்ச்சல் நிலத்தை ஒதுக்குவதும்.

உலகம் இத்தொழிலின் அருமையை உணரத் தொடங்கியிருக்கிறது. ஆஸ்திரியா, கிரீஸ், இத்தாலி நாடுகளின் பருவகால மந்தைப் பெயர்ச்சியை யுனெஸ்கோ 2019-இல் பண்பாட்டு மரபாக அறிவித்தது. 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்துள்ளது. தென்காசியின் கிடைக்காரர்களுக்குத் தேவையானவை எளியவை: ஊராட்சிகள் மேய்ச்சல் புறம்போக்கையும் குளக்கரைப் பாதையையும் ஆக்கிரமிப்பிலிருந்து மீட்பது, கிடை நிற்கும் இடத்துக்கே தடுப்பூசி வருவது, உழவர்கள் உரமூட்டைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைக் கிடைக்கு ஒதுக்குவது. இவை நடந்தால் மண்ணும் மந்தையும் சேர்ந்தே பிழைக்கும்.