ஆகாயத்தை ஏலம் விடுதல்: ‘தலைமுறை’ என்ற சொல்லைப் பற்றிச் சில குறிப்புகள்

சிதம்பரம் ஆகாயத் தலம். திரையை விலக்கினால் உள்ளே வெட்டவெளி. அதுதான் ரகசியம் என்பார்கள். அந்த வெட்டவெளியைப் பார்க்க யாரை உள்ளே விடுவது, யாரை வாசலில் நிறுத்துவது என்பதில்தான் நந்தன் கதையே அடங்கியிருக்கிறது. 2022 ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 1 வரை இந்திய அரசு நடத்திய 5ஜி ஏலத்திலும் விலைபோனது வெட்டவெளிதான். 1,50,173 கோடி ரூபாய். வாங்கியவர்கள் கைக்குப் பொருள் எதுவும் வரவில்லை. இன்ன அலைவரிசையில் நான் மட்டும் பேசலாம், மற்றவன் பேசக்கூடாது என்ற உரிமை வந்தது. ஆக, இங்கே விற்கப்படுவது காற்று அல்ல, விலக்கிவைக்கும் அதிகாரம். இதை முதலில் மனதில் இருத்திக்கொண்டு மேலே போகலாம்.

‘ஜி’ என்றால் தலைமுறை. இந்தச் சொல்லே ஒரு சொல்லாடல். தாத்தா போய் அப்பா, அப்பா போய் மகன் என்று இயற்கையாக நடக்கிற மாதிரி ஒரு பாவனையை அது கட்டமைக்கிறது. நடைமுறை அப்படி இல்லை. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவில் ஜோதிபாசு டெல்லியிலிருந்த சுக்ராமைக் கூப்பிட்டபோது நாம் 1ஜியைப் பார்க்காமலேயே 2ஜிக்குள் நுழைந்தோம். 2010இல் 67,000 கோடிக்கு மேல் ஏலம் போன 3ஜி பத்து வருஷம்கூட ஒழுங்காக வாழவில்லை. ஏர்டெல் 2020வாக்கில் 3ஜியை மூடியது, ஆனால் 2ஜியை மூடவில்லை. நடுப்பிள்ளை செத்துப்போனான், கிழவி உயிரோடு இருக்கிறாள். ஏன்? பட்டன் போன் வைத்திருப்பவர்கள் கோடிக்கணக்கில் இருப்பதுதான். இந்த ஜனங்களைத்தான் 2020இல் முகேஷ் அம்பானி ‘2ஜி இல்லாத இந்தியா’ என்ற முழக்கத்தின் வழியே ஒழிக்கப்பட வேண்டிய பிரச்சினையாக மாற்றினார். வறுமையை ஒழிப்பது என்று ஆரம்பித்து வறியவனை ஒழிப்பதில் முடிகிற பழைய கதையின் வாசனை இதில் வருகிறதா, இல்லையா?

தொழில்நுட்பம் தெரியாமல் அரசியல் பேச முடியாது என்பதால் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். அலைவரிசை தாழ்வாக இருந்தால் அலை தூரம் போகும், சுவரைத் தாண்டும். ஆனால் ஒரு நேரத்தில் கொஞ்சம் சரக்குதான் ஏற்றலாம். உயர்வாக இருந்தால் சரக்கு நிறைய ஏறும், தூரம் போகாது. 5ஜிக்கு முக்கியமாகப் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு நெருக்கமாகக் கோபுரங்கள் வேண்டும். ஒவ்வொரு கோபுரத்துக்கும் கீழே கண்ணாடி இழைக் கம்பி வேண்டும், மின்சாரம் வேண்டும். அதாவது ‘கம்பியில்லா’த் தொடர்பு என்பது கடைசி ஒரு கிலோமீட்டர் சமாச்சாரம். மீதியெல்லாம் மண்ணுக்கடியில் கம்பிதான். கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் தேரடியிலும் நெருக்கமாகக் கோபுரம் போட்டால் போட்ட காசு திரும்பும். பிச்சாவரம் உப்பங்கழி ஓரத்து இருளர் குடியிருப்பில் திரும்பாது.

கிராமத்துக்கு ஏற்றது 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை. ஒரு கோபுரமே பல ஊர்களை எட்டும். இதற்கு 2016 ஏலத்தில் அரசு வைத்த அடிப்படை விலை மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி. ஒருத்தரும் வாங்கவில்லை. 2021இலும் விற்கவில்லை. 2022இல் விலையை 3,927 கோடிக்கு இறக்கிய பிறகு ஜியோ மட்டும் வாங்கியது. ஆறு வருஷம் அந்த அலைவரிசை யாருக்கும் உதவாமல் சும்மா கிடந்தது. நிலத்தைத் தரிசு போட்டால் நாளைக்காவது விளையும். நேற்றைய அலைவரிசை நேற்றோடு போயிற்று, சேமித்துவைக்க முடியாது.

இந்த இடத்தில் ‘பொதுச் சொத்து’ என்ற சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். 1995 பிப்ரவரியில் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில், வானலைகள் பொதுச் சொத்து, பொது நலனுக்காகப் பயன்படுத்தப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பொது என்றால் பலருடைய குரலுக்கும் இடம் என்பது அதன் உட்பொருள். 2010இல் தணிக்கை அதிகாரியின் அறிக்கை 1.76 லட்சம் கோடி என்ற எண்ணைக் கொண்டுவந்து வைத்தது. 2012 பிப்ரவரி 2இல் 122 உரிமங்கள் ரத்தாயின. 2017 டிசம்பரில் ஆ. ராசா, கனிமொழி உள்ளிட்டோரைத் தனி நீதிமன்றம் விடுதலை செய்தது. வழக்கின் சரி தவறு ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஏழு வருஷத்தில் ‘பொதுச் சொத்து’ என்பதன் அர்த்தம் ‘அதிக விலைக்கு விற்கப்பட வேண்டியது’ என்று தடம் மாறிப்போனதை நம்மில் பலரும் கவனிக்கவில்லை. தோழர்களும்கூட எண்ணை வைத்துத்தான் மேடையில் பேசினார்கள். இயற்கை வளங்களுக்கு ஏலம் மட்டுமே வழியல்ல என்று அதே 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே விளக்கியது யாருடைய மேடையிலும் வரவில்லை. கஜானாவுக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டோம். எந்தத் தெருவுக்கு எட்டியது என்று கேட்கவில்லை.

தெரு என்று சொல்வதில் காரணம் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் பார்த்த கிராமங்களில் கோபுரம் நிற்பது பெரும்பாலும் ஊர்க்காரர் மனையில், மாத வாடகையும் அவருக்கு. காலனி எல்லையில் ஒரு கோட்டோடு சிக்னல் தேய்ந்துவிடும். இதை யாரும் சாதி பார்த்துத் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். பட்டா உள்ள நிலம், மின் இணைப்பு, லாரி போகிற பாதை — இவற்றை மட்டும்தான் கம்பெனி கேட்கிறது. இவையெல்லாம் ஏற்கெனவே யாரிடம் குவிந்திருக்கின்றன? நுண்ணளவில் அதிகாரம் இப்படித்தான் தொழிற்படுகிறது, ஒருவரும் உத்தரவிட வேண்டியதில்லை.

சிக்னல் இல்லாவிட்டால் சினிமா பார்க்க முடியாது, அவ்வளவுதானே என்பவர்களுக்கு: 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் தினம் இரண்டு முறை படமெடுத்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. படம் ஏறவில்லையென்றால் வெட்டிய வரப்பு வெட்டாததாகிவிடும். ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கிற கிழவிக்கு ‘சர்வர் இல்ல, நாளைக்கு வா’. முன்பு சலுகையாக இருந்த இணைப்பு இன்று கூலிக்கும் அரிசிக்கும் முன்நிபந்தனை. ரீசார்ஜ் செய்யாவிட்டால் வருகிற அழைப்பும் நின்றுபோகிற காலத்தில் இது தண்டல் வரி மாதிரி.

பால் விரிலியோ 1977இல் ‘வேகமும் அரசியலும்’ எழுதி அதிகாரத்தை வேகத்தின் வழியாக வாசித்தார். அந்த வாசிப்புக்கு இந்திய அரசு ஒரு பின்னிணைப்பு எழுதியது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் எல்லாத் தொடர்பையும் வெட்டி, 2020 ஜனவரியில் வெறும் 2ஜியைத் திறந்துவிட்டு, 4ஜியை 2021 பிப்ரவரியில்தான் திருப்பிக் கொடுத்தது. வேகத்தைக் குறைப்பதே தண்டனை. காஷ்மீர் தூரம் என்று நினைத்தால், 2018 மே 22இல் தூத்துக்குடியில் பலரைச் சுட்டுக் கொன்ற மறுநாள் மூன்று மாவட்டங்களில் இணையம் அணைக்கப்பட்டதை ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது. 5ஜி வந்தால் இந்தப் பொத்தான் போய்விடாது. 2023ஆம் வருஷத் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அது பத்திரமாக இருக்கிறது.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 5ஜிக்கு வகுத்த இலக்குகளைப் படித்துப் பார்த்தால் ஒன்று புரியும். நொடிக்கு 20 கிகாபிட் உச்ச வேகம், ஆயிரத்தில் ஒரு நொடித் தாமதம், ஒரு சதுர கிலோமீட்டரில் பத்து லட்சம் கருவிகள். எந்தக் குடியிருப்பிலும் சதுர கிலோமீட்டருக்குப் பத்து லட்சம் மனிதர்கள் இல்லை. இங்கே உத்தேசிக்கப்பட்ட பயனாளி இயந்திரம்: மீட்டர், கேமரா, ஆலை, கிட்டங்கி. இதைத் தவறு என்று சொல்ல வரவில்லை. நம் பெயரைச் சொல்லி வாங்குகிறார்கள், அவ்வளவுதான்.

தாமதம் என்று வந்தபிறகு நல்லவாடு பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரி எல்லைக்குள் இருக்கிற மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் அலைச் செய்தியைக் கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில், ஓடுங்கள் என்று அறிவித்தார்கள். ஊர் பிழைத்தது. தெற்கே தேவனாம்பட்டினத்தில் பிணம் விழுந்தது. அங்கே உயிர் காத்தது அலைவரிசையின் அகலம் அல்ல. ஊரின் நடுவில் எல்லோருக்கும் சொந்தமாக ஒரு ஒலிபெருக்கி இருந்தது, அதைத் தொட யாருக்கும் அனுமதி தேவைப்படவில்லை. 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் கடலூரைப் புரட்டியபோது கதை தலைகீழ். மின்கம்பங்கள் விழுந்தன, கோபுரத்தில் பேட்டரி தீர்ந்தது, டீசல் கொண்டுபோகப் பாதையில்லை; பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்த கிராமங்களின் செய்தி வெளியே வர நாளாயிற்று.

இந்தச் செலவுக்கெல்லாம் பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. சந்தைக்கு லாபமில்லாத இடங்களுக்காகவே கம்பெனிகளின் வருவாயில் 5 சதவீதம் பிடித்து ஒரு சேவை நிதி 2002 முதல் இருக்கிறது. இப்போது அதற்கு ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று பெயர். அரசு நிறுவனமான பிஎஸ்என்எல்லுக்கோ உள்நாட்டு 4ஜி 2025 செப்டம்பர் 27இல்தான் முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. தனியார் 5ஜி தொடங்கி மூன்று வருஷம் கழித்து. புயலடித்தாலும் ஒதுக்குப்புறத்துக்குப் போயாக வேண்டிய நிறுவனம் எதுவோ அதையே ஒரு தலைமுறை பின்னால் நிறுத்திவைத்திருந்தார்கள்.

6ஜிக்கான வரையறையை 2023 நவம்பரில் அதே ஒன்றியம் ஏற்றுக்கொண்டுவிட்டது. 2ஜி அலை நேர்க்கோட்டில் அதிகபட்சம் 35 கிலோமீட்டர் வரை தாங்கும்படி அமைக்கப்பட்டது. கரையோரக் கோபுரம் உயரமாக இருந்தால் கடலுக்குள் கொஞ்ச தூரம் அது போகும். 3,300 மெகாஹெர்ட்ஸ் அவ்வளவு தூரம் போகாது. கடலூர் முதுநகரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் போகிற படகுகளில் பலவற்றில் இன்னும் அந்தப் பட்டன் போன்தான் பிளாஸ்டிக் பையில் சுற்றி இருக்கிறது. 2ஜியை அணைக்கிற நாள் குறிக்கப்படும்போது அந்தப் படகுக்காரர்களை யாராவது கேட்பார்களா என்பது தெரியாது. கேட்கவைக்க ஒரு மனு எழுத வேண்டுமென்றால், அதற்கான அலைவரிசைக் கணக்கு மேலே இருக்கிறது.