விலை இறங்கும், செலவு இறங்காது! பழைய சொகுசு காரில் குஷியா, உழைப்பா?

சென்னையில் பழைய கார் விற்கும் கடைகளில், மாருதிகளுக்கு நடுவே ஜெர்மன் சொகுசு கார்களும் பளபளவென்று நிற்கின்றன.

"அண்ணே, ஒரே ஓனர் வண்டி. டாக்டர் ஓட்டினது. மிதிச்சா ராக்கெட் மாதிரி போகும்ணே!"

இது புரோக்கர்கள் வழக்கமாகப் பாடும் பாட்டு. விலையைக் கேட்டால் பாட்டு இன்னும் இனிக்கிறது. புதிதில் 40 லட்சத்துக்குப் போன கார், 10 வயது ஆனதும் புது நடுத்தரக் காரின் விலைக்கே கிடைக்கிறது!

நாலு காசு சேர்த்து வைத்த கடைக்காரருக்கும், ஓய்வு பெற்ற பணம் கையில் இருக்கும் குமாஸ்தாவுக்கும் சபலம் தட்டாமல் இருக்குமா?

வாங்கலாம். ஆனால் சாவியை வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும்.

இரண்டு ரகம்

சொகுசு காரில் இரண்டு ரகம் உண்டு. ஓட்டுகிறவரைக் குஷிப்படுத்துவது ஒன்று. வருடக்கணக்கில் மக்கர் பண்ணாமல் உழைப்பது இன்னொன்று.

முதல் ரகத்துக்குப் பெயர் போனது பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் கார். எஞ்சின் முன்னால், தள்ளுவது பின் சக்கரம். காரின் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. அதனால் வளைவில் திருப்பினால், சொன்ன பேச்சைக் கேட்கும் குதிரை மாதிரி திரும்பும். மகாபலிபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தடவை ஓட்டியவர் அந்த ருசியை லேசில் மறக்க மாட்டார்.

இந்த காருக்கும் நமக்கும் உறவும் உண்டு. செங்கல்பட்டு அருகே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 மார்ச் மாதம் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கேதான் இந்தியாவுக்கான கார்களைக் கோர்த்து முடிக்கிறார்கள்.

இரண்டாவது ரகத்துக்கு உதாரணம் டொயோட்டா கேம்ரி. அதன் பணக்கார அண்ணன் லெக்சஸ். சத்தம் கிடையாது. உறுமல் கிடையாது. வீட்டு சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். "ஓட்டுறப்ப தூக்கம் வருது சார்" என்று இளைஞர்கள் கேலி செய்வதும் உண்டு.

ஆனால் 10 வருடம் கழித்தும் சாவி போட்டால் கிளம்பும் என்று பெயர் எடுத்த கார் அதுதான்!

20 நாளில் 8 ஆயிரம் கார்

லெக்சஸ் கார் முதலில் விற்பனைக்கு வந்தது 1989-ல், அமெரிக்காவில். மாடல் பெயர் எல்.எஸ்.400. ஜெர்மன் கார்கள் கொடிகட்டிப் பறந்த சந்தையில் ஜப்பான்காரன் சொகுசு கார் விற்பதா என்று பலர் சிரித்தார்கள்.

வந்த சில மாதத்திலேயே சோதனை. மின் இணைப்பில் ஒரு சிறு கோளாறு தெரிந்தது. விற்ற சுமார் 8 ஆயிரம் கார்களையும் சரி செய்து தருவதாக கம்பெனி அறிவித்தது.

ஆட்கள் வீடு தேடிப் போனார்கள். காரை எடுத்து வந்தார்கள். கோளாறை நீக்கி, கழுவித் துடைத்து, பெட்ரோலும் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். 20 நாளில் வேலை முடிந்தது. கெட்ட பெயர் வர வேண்டிய இடத்தில் நல்ல பெயர் வந்தது!

அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. 3 வயதான கார்களில் என்னென்ன கோளாறு என்று அமெரிக்காவில் ஜே.டி.பவர் நிறுவனம் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டும் லெக்சசுக்கே முதலிடம்.

குஷி எங்கே பிறக்கிறது?

மிதித்ததும் சீறுகிறதே, அந்தக் குஷி எங்கிருந்து வருகிறது? எந்தப் பாகம் குஷியைத் தருகிறதோ, பெரும்பாலும் அதே பாகம்தான் பிற்காலத்தில் செலவையும் தருகிறது. விஷயமே அங்கேதான் இருக்கிறது!

டர்போவை எடுத்துக்கொள்ளுங்கள். புகை வெளியேறும் வேகத்தில் சுற்றும் சின்ன விசிறி அது. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைக் காப்பாற்றுவது எஞ்சின் ஆயில் ஒன்றே. ஆயில் மாற்றாமல் காலம் கடத்தினால் டர்போ தேயும்.

அடுத்து, பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை. சக்தி கூடும். ஆனால் உள்ளே காற்று விடும் வால்வைப் பெட்ரோல் கழுவாது. அதில் கரி படியும். பட்டறையில் திறந்து சுரண்ட வேண்டி வரும்.

கியர் பெட்டியிலும் இதே கதை. இரட்டை கிளட்ச் பெட்டி கண் இமைப்பதற்குள் கியர் மாற்றும். ஓட்டுகிறவருக்கு ஆனந்தம்! ஆனால் ஊர்ந்து ஊர்ந்து நிற்கும் நெரிசலில் கிளட்சுக்கு ஓய்வே இல்லை. போக்ஸ்வாகன் கம்பெனி 2013-ல் 7 கியர் டி.எஸ்.ஜி. பெட்டியில் ஆயில் மாற்றித் தர உலகம் முழுவதும் சுமார் 16 லட்சம் கார்களை அழைக்க வேண்டி வந்தது. வெப்பமும் ஈரமும் கூடிய ஊர்களில், நின்று நின்று ஓடும்போது, மின்கோளாறு வரலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். கத்திப்பாரா நெரிசலில் சித்திரை வெயிலில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பஞ்சர் ஆனாலும் ஓடும் 'ரன் பிளாட்' டயர் இன்னொன்று. அதன் பக்கச் சுவர் விறைப்பானது. குழியில் விழுந்தால் அடியை டயர் வாங்காது. ரிம் வாங்கும், சஸ்பென்ஷன் வாங்கும், கடைசியில் சொந்தக்காரரின் பை வாங்கும்!

கேம்ரி ஹைபிரிட் கார் பெங்களூர் அருகே பிடதியில் 2013-லிருந்து தயாரானது. அதில் டர்போ இல்லை. கிளட்ச் இல்லை. தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும்கூட இல்லை. இல்லாத பாகம் கெடாது! ஆனால் பெரிய பேட்டரி ஒன்று இருக்கிறது. அதற்கு வயதாகிவிட்டால் மாற்றும் செலவு பெரிது. அதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது ஓனரின் கதை

பாரிமுனையில் கடை வைத்திருக்கும் ஒருவர் 10 வயது ஜெர்மன் காரை 10 லட்சத்துக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

காரின் விலை 40 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் உதிரி பாகத்தின் விலை? அது 40 லட்ச ரூபாய் காரின் விலையிலேயே நிற்கிறது! டர்போவுக்கோ, கியர் பெட்டிக்கோ, "வண்டி இப்போ மூணாவது ஆள் கையிலே இருக்கு" என்று தெரியாது.

முதல் ஓனர் குஷியை அனுபவித்தார். கோளாறு வந்தபோது கம்பெனி உத்தரவாதம் இருந்தது. உத்தரவாதம் முடிந்ததும் விற்றுவிட்டார். பில் வருவது அடுத்தடுத்த ஓனர்களுக்கு. புதுப்பேட்டையில் கழற்றிய பாகம் தேடி அலைவதும் அவர்கள்தான்.

கடைசியில் என்ன ஆகிறது? ஒரு பெரிய ரிப்பேர் வந்தால் வண்டி மூடு துணிக்குள் போய்விடுகிறது. கடைக்காரர் பழையபடி ஸ்கூட்டரில் போகிறார். முதலும் போச்சு, குஷியும் போச்சு!

வெள்ளத்தில் குளித்த கார்

சென்னையில் கூடுதலாக ஒரு ஆபத்து உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் நீர் புகும். நீரை அமுக்க முடியாது. உள்ளே இருக்கும் கம்பி வளைந்துவிடும்.

மின்னணுப் பெட்டிகள் நிறைந்த சொகுசு காரில் ஈரத்தின் வேலை மெதுவாகவும் தெரியும். இன்று விளக்கு எரியாது. அடுத்த மாதம் கதவு பூட்டாது.

வாங்கும் முன் பாருங்கள்

சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். கடைசி நுனியில் சேறு இருந்தால் வண்டி குளித்திருக்கிறது. தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது என்று அர்த்தம்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். சூடாக்கி வைத்துக் காட்டினால் உஷார்! ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் கம்ப்யூட்டர் பரிசோதனைக்கு விடுங்கள். புரோக்கர் தயங்கினால், அதுவே பதில்.

ஜெர்மன் கார் மோசமா?

இல்லவே இல்லை. புதிதாக வாங்கி, உத்தரவாதம் இருக்கும் வரை ஓட்டி, நேரத்துக்கு ஆயில் மாற்றுகிறவருக்கு அது கொடுக்கும் இன்பம் நியாயமானது. 2019-ல் டொயோட்டாவே தன் சுப்ரா பந்தய ரகக் காருக்கு பி.எம்.டபிள்யூ. எஞ்சினைத்தான் வாங்கிப் போட்டது!

இரண்டும் ஒரே காரில் சேர்ந்த அதிசயமும் நடந்திருக்கிறது. ஹோண்டா 1990-ல் கொண்டு வந்த என்.எஸ்.எக்ஸ். கார் அலுமினிய உடம்பு கொண்டது. பந்தய வீரர் அயர்டன் சென்னா ஓட்டிப் பார்த்துச் சொன்ன யோசனைப்படி அதன் உடம்பை இன்னும் உறுதியாக்கினார்கள். டர்போ இல்லாமலே பறந்தது; பட்டறையில் படுக்காத கார் என்றும் பெயர் வாங்கியது. ஆனால் அந்த மாதிரி கார் அபூர்வம்.

மற்றவர்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி. காரை வாங்கிய பிறகும் கையில் ஒரு டர்போவுக்கும் ஒரு கியர் பெட்டிக்கும் பணம் மிச்சம் இருக்குமா?

இருந்தால், தாராளமாக ராக்கெட்டில் ஏறலாம். மொத்தச் சேமிப்பும் சாவியோடு போய்விடும் என்றால் வேண்டாம். காலையில் கடை திறக்கிற நேரத்துக்குக் கிளம்புகிற கார் போதும்!