சாலை எல்லோருக்கும் – 9: குழந்தை இறங்கும் இடது பக்கம்

சென்ற வாரம் ஹெல்மெட் பற்றிப் பேசினோம். அது ஓட்டுகிறவரின் உயிரைக் காப்பது. நம் வண்டியால் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வராமல் ஓட்டுவது எப்படி என்பது இந்த வாரப் பேச்சு. அதைச் சென்னைப் புறநகரான சேலையூரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2012 ஜூலை 25. சேலையூரில் உள்ள ஒரு தனியார் பள்ளியின் பேருந்து, பிள்ளைகளை வீட்டில் விட முடிச்சூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பேருந்தின் தரையில் ஓர் ஓட்டை. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதன் வழியே சாலையில் விழுந்தாள். அதே பேருந்தின் சக்கரம் அவள்மீது ஏறியது. கூடியிருந்த மக்கள் ஆத்திரத்தில் பேருந்துக்குத் தீ வைத்தார்கள். அந்தப் பேருந்து சில வாரங்களுக்கு முன்புதான் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வாங்கியிருந்தது என்ற செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தமிழக அரசு தனிச் சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது. மஞ்சள் வண்ணம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, பிள்ளைகளை ஏற்றி இறக்க ஓர் உதவியாளர், ஆண்டுதோறும் அதிகாரிகளின் கூட்டாய்வு என்று இன்று நாம் காணும் பலவும் அந்தச் சிறுமியின் மரணத்துக்குப் பிறகு கட்டாயமானவை.

ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கழிந்தன. 2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே, இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பள்ளி வேன் மோதி இறந்தான். அதன் பிறகு பள்ளி வாகனங்களின் முன்னும் பின்னும் கேமராவும், பின்பக்கம் சென்சாரும் பொருத்த வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. விதி ஒரு குழந்தை போன பிறகு வருகிறது. அது வந்தே ஆக வேண்டும், வந்ததும் நல்லதே. ஆனால் அடுத்த குழந்தை போவதற்கு முன்பே வரக்கூடியது ஒன்றுதான்: ஓட்டுகிறவரின் பழக்கம். இரும்புத் தகடு ஒரே இரவில் துருப்பிடித்து ஓட்டையாவதில்லை. அதைப் பார்த்த எவரேனும் ஒருவர், “இது சரியாகும்வரை வண்டியை எடுக்க மாட்டேன்” என்று சொல்லியிருந்தால், அதற்கு அரசாணை எதுவும் தேவைப்பட்டிருக்காது.

வேளச்சேரி சாலையின் காலை

கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் வழியாக மேடவாக்கம் போகும் சாலையைக் காலை எட்டு மணிக்குப் பாருங்கள். பள்ளி வேன், கல்லூரிப் பேருந்து, ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி, ஐ.டி. அலுவலகத்துக்கு விரையும் பைக்குகள் எல்லாம் அந்த ஒரே சாலையில்தான். நடப்பவருக்கு மிச்சமிருப்பது ஓரத்து மண்.

அங்கே ஒரு பள்ளி வேன் நிற்கிறது. கதவு இடது பக்கம் திறக்கிறது. பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பக்கம்தான். வேனுக்கும் சாலையோரத்துக்கும் இடையே மூன்றடி இருந்தால் போதும், அதற்குள் ஒரு பைக் நுழைகிறது. நமது சாலையின் மிக ஆபத்தான மூன்றடி அதுதான். இறங்குகிற பிள்ளை முன்னால் பார்க்கும், பின்னால் வரும் வண்டியைப் பார்க்காது. பார்க்கும்படி அந்த வயதில் எதிர்பார்க்கவும் கூடாது. பார்க்க வேண்டியவர் ஓட்டுகிறவர்தான். அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டுப் பிள்ளைகளை இறக்கும்போது அதைத் தாண்டிப் போவது எல்லா மாநிலங்களிலும் குற்றம். நாமும் நமக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொள்ளலாம்: நிற்கும் பள்ளி வேனுக்கு இடதுபுறம் எக்காலத்திலும் நுழைவதில்லை. வலதுபுறம் கடப்பதானாலும் பிரேக்கில் கால் வைத்தபடியே கடப்பது. வேனுக்கு முன்னாலிருந்து ஒரு பிள்ளை குறுக்கே ஓடிவரும் என்றே எண்ணிக்கொள்வது.

வேகத்தின் கணக்கையும் பார்ப்போம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடுகிறது. எதிரே ஏதோ வருவதைக் கண்டு, புரிந்து, பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி ஆகிறது என்று வைப்போம். அதற்குள் 17 மீட்டர் போயாயிற்று. காய்ந்த சாலையில், நல்ல டயரோடு, பிரேக் பிடித்து நிற்க இன்னும் 9 மீட்டர். ஆக 26 மீட்டர். அதே வண்டி 60-ல் வந்தால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 25 மீட்டர் கடந்திருக்கும், நிற்க மேலும் 20 மீட்டர் வேண்டும். அதாவது 40-ல் வந்தவர் முழுதாக நின்றுவிட்ட இடத்தில், 60-ல் வந்தவர் அப்போதுதான் பிரேக்கை மிதிக்கிறார். இந்த 20 கி.மீ. வித்தியாசத்தில் கேம்ப் ரோடு சிக்னலுக்குச் சில நொடிகள் முன்னதாகப் போகலாம். அங்கே போய் சிவப்பு விளக்கில் நிற்கத்தான் போகிறோம்.

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் 2025 ஜூலையோடு முடிந்த ஓராண்டில் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. அந்த நகரத் தெருக்களில் பாதிக்கு மேல் வேக வரம்பு 30 கி.மீ.தான். தமிழ்நாட்டில் 2022-ல் மட்டும் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள். ஹெல்சின்கியின் சாலையமைப்பும் கண்காணிப்பும் நமக்கு நாளையே வந்துவிடாது. ஆனால் வீடுகள் நிறைந்த தெருவில் 30-ஐத் தாண்டாமல் ஓட்ட யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

எடுக்கும் முன் ஒரு சுற்று

கார் வைத்திருப்பவர்கள் ஏறி உட்காரும் முன் வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். டயரில் காற்று, உடைந்த பிரேக் லைட் எல்லாம் அப்போதே தெரியும். அதைவிட முக்கியம், பின்னால் தவழும் குழந்தையோ உட்கார்ந்து விளையாடும் பிள்ளையோ கண்ணாடியில் தெரியாது, கண்ணில் தெரியும். ரிவர்ஸ் எடுக்கும்போது கேமரா இருந்தாலும் வீட்டில் யாரையாவது இறங்கி நிற்கச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை போகும் வேனில் ஒருநாள் ஏறிப் பாருங்கள். தரை உறுதியாக இருக்கிறதா, கதவு சரியாகப் பூட்டுகிறதா, எத்தனை பேரை அடைத்திருக்கிறார்கள், உதவியாளர் உண்டா என்று கவனியுங்கள். எஃப்.சி. எந்தத் தேதிவரை என்று பள்ளியில் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஓட்டுநரிடம் அன்பாகப் பேசுங்கள். “அஞ்சு நிமிஷம் லேட்டானாலும் பரவாயில்லண்ணே, மெதுவா வாங்க” என்று நீங்கள் ஒருமுறை சொன்னால், அவர் தலைமேல் இருக்கும் நேர நெருக்கடி பாதி குறையும்.

ஏனென்றால் நம் சாலையில் நடக்கும் முரட்டுத்தனத்தில் பெரும்பகுதி கெட்ட மனத்தால் வருவதில்லை, தாமதத்தால் வருகிறது. ராங் சைடில் வருகிறவர், இண்டிகேட்டர் போடாமல் கட் அடிக்கிறவர், முன்னால் நிற்கிறவர் காதில் ஹார்னை அலற விடுகிறவர், எல்லாரும் வீட்டைவிட்டுத் தாமதமாகக் கிளம்பியவர்கள். வீட்டில் தொலைத்த பத்து நிமிடத்தை அடுத்தவர் உயிரிலிருந்து எடுத்து ஈடுகட்டப் பார்க்கிறோம். நிதானமாக ஓட்டும் பழக்கம் முந்தின இரவே தொடங்குகிறது: சட்டையை எடுத்து வைப்பதில், அலாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் நகர்த்துவதில். இந்த வாரம் அதை மட்டும் செய்து பாருங்கள்.

(தொடரும்)

அடுத்த வாரம்: மழைநாளில் ஜி.எஸ்.டி. சாலை