ஆற்றங்கரை ஊர்கள் – 9: துர்ன்ஸ்டைன்

ஆஸ்திரியாவில் மெல்க் நகருக்கும் கிரெம்ஸ் நகருக்கும் நடுவே டான்யூப் ஆறு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தூரம் மலைகளை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. வாஹாவ் எனப்படும் இந்தப் பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில், வடகரையில், பாறைக்கும் நீருக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கிறது துர்ன்ஸ்டைன். மக்கள்தொகை ஆயிரத்தைத் தொடாது.

ஊருக்குப் பின்னால் எழும் மலை நைஸ் என்ற கடினப் பாறையால் ஆனது. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல விடும் பாறை இது. கிழக்குச் சமவெளியிலிருந்து வெப்பக் காற்றும், வடக்குக் காட்டு மேட்டிலிருந்து இரவுக் குளிர்காற்றும் இங்கே சந்திக்கின்றன. திராட்சை பழுக்கப் பகல் வெப்பமும், அதன் புளிப்பும் மணமும் குலையாமலிருக்க இரவுக் குளிரும் வேண்டும். இரண்டும் ஓரிடத்தில் அமைவது அரிது. மேட்டுப் பாறைச் சரிவில் ரீஸ்லிங் திராட்சை, கீழே காற்று கொண்டுவந்து படியவைத்த வண்டல் மண்ணில் குரூனர் வெல்ட்லீனர் என்பது பொதுவான வழக்கம்.

சரிவில் மண் நிற்பது சுவர்களால்தான். இடைக்காலத்தில் பவேரிய மடங்கள் இப்பகுதியில் தோட்டங்கள் வைத்திருந்தன; ஒயினை ஆற்றின் வழியே தம் ஊருக்குக் கொண்டுபோயின. காரை இல்லாமல் கல்மேல் கல்லடுக்கிய படிக்கட்டு வயல்கள் அக்காலத்தில் பெருகின. மழைநீர் இடுக்கு வழியே வடிவதால் சுவர் பிதுங்குவதில்லை. ஆனாலும் அவ்வப்போது சரியும். கையால்தான் மீண்டும் அடுக்க வேண்டும். செங்குத்துச் சரிவில் இயந்திரம் ஏறாது என்பதால் அறுவடையும் கைவேலைதான்.

ஊரின் பெயரை உலகறியச் செய்தது ஒரு கைதி. மூன்றாம் சிலுவைப் போரில், ஆக்கர் நகரைப் பிடித்தபோது ஆஸ்திரிய டியூக் ஐந்தாம் லியோபோல்டின் கொடியை அவமதித்த இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டு, திரும்பும் வழியில் 1192 டிசம்பரில் வியன்னா அருகே மாறுவேடத்தில் பிடிபட்டார். மலைமேலிருந்த கியூன்ரிங் குடும்பக் கோட்டையில் சில மாதங்கள் அடைபட்டார். அவரை விடுவிக்கக் கேட்கப்பட்ட தொகை 1,50,000 மார்க் வெள்ளி. லியோபோல்டின் பங்கு வியன்னா மதிலுக்கும் வீனர் நொய்ஸ்டாட் நகரை உருவாக்கவும் செலவானது. பாடகன் புளோண்டெல் கோட்டைகள்தோறும் பாடித் தேடி மன்னரைக் கண்டுபிடித்தான் என்பது பிற்காலக் கட்டுக்கதை. சுற்றுலாவுக்கு அதுவும் உதவுகிறது.

1645இல் சுவீடன் படை கோட்டையைத் தகர்த்தது. ஆற்றோரத்தில் 1410இல் தொடங்கிய அகஸ்டீனிய மடம் பதினெட்டாம் நூற்றாண்டில் பரோக் பாணியில் புதுப்பிக்கப்பட்டது. நீலமும் வெண்மையுமான அதன் கோபுரமே இன்று ஊரின் அடையாளம். மடத்தைப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1788இல் மூடினார். 1805 நவம்பர் 11 அன்று மோர்ட்டியேயின் பிரெஞ்சுப் படையும் குட்டூசோவின் ரஷ்ய–ஆஸ்திரியப் படையும் இந்த ஒடுக்கத்தில் மோதின. விலகி நிற்கவும் இடமில்லாத போரில் இரு தரப்பும் வெற்றி தமதே என்றன.

இருபதாம் நூற்றாண்டில் ஊருக்கு வந்த பெரிய ஆபத்து அணை. ஆற்றை மறித்து நீர்மின் நிலையம் கட்டும் திட்டம் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 1983இல் வாஹாவ் உற்பத்தியாளர்கள் சங்கம் அமைத்து ஒயினை ஸ்டைன்ஃபெடர், ஃபெடர்ஷ்பீல், ஸ்மராக்ட் என வலிமைக்கேற்ப வகைப்படுத்தினர். கடைசிப் பெயர் வெயில் காயும் மரகதப் பல்லியிலிருந்து வந்தது. பள்ளத்தாக்கின் தோட்டப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கையாளும் கூட்டுறவு நிறுவனம் துர்ன்ஸ்டைனில்தான் இயங்குகிறது. 2000இல் யுனெஸ்கோ வாஹாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.