டிராக்டரின் தூக்கும் வலிமை குன்றுவது ஏன்?

தோட்டத்தில் டிராக்டர் ஓடாத நாள், பாதி வேலை ஓடாத நாள் எனலாம். பால் தொட்டியை இழுப்பதும், உர மூட்டைகளைக் கொண்டு சேர்ப்பதும், மழை அரித்த செம்மண் சாலைக்கு மண் வாரிப் போடுவதும் அதன் பணிகளே. லோடர் என்று நாம் வழங்கும் பாரந்தூக்கியை முன்புறத்தில் பொருத்திய டிராக்டர் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியது. ஆனால் முதுமையில் மனிதனுக்குக் கை தளர்வது போல, அதற்கும் ஒரு நாள் தூக்கும் வலிமை குன்றுகிறது. காலையில் வாளி நிறைய மண்ணைத் தூக்கிய இயந்திரம், நண்பகலில் அரை வாளியையும் தூக்க மறுக்கிறது.

உடனே, "பம்ப் கெட்டுவிட்டது" என்று தீர்ப்புக் கூறுவோர் பலர். பம்ப் விலை மிகுந்த பாகம். புதிய பம்பைப் பொருத்திய பின்னும் வாளி எழவில்லையானால், பணமும் வீண், வேலை நாளும் வீண். அதனினும் கொடியது, குறையைத் தேடும் அவசரத்தில் உயர்ந்து நிற்கும் வாளியின் கீழ் ஒருவர் குனிந்து பார்ப்பது. ஆகவே, இக்குறையை எவ்வாறு ஆராய்வது என்பதை இங்கே விளக்குவோம்.

எண்ணெய் எவ்வாறு பாரத்தைத் தூக்குகிறது?

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பதை 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். ஹைட்ராலிக் முறைக்கு இதுவே அடிப்படை. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர். அதன்மீது சதுர சென்டிமீட்டருக்கு 140 கிலோ அழுத்தமுள்ள எண்ணெய் பாய்ந்தால், ஏறத்தாழ 2,750 கிலோ விசை பிறக்கிறது. அழுத்தம் பாதியானால் விசையும் பாதியாகும்.

பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது. பாரம் எதிர்த்து நிற்பதால் அழுத்தம் உண்டாகிறது. ஆதலால் இரு வகைக் குறைகளை நாம் பிரித்தறிய வேண்டும். வாளி முழுப் பாரத்தையும் தூக்குகிறது, ஆனால் மெதுவாக எழுகிறது என்றால், போதிய எண்ணெய் வந்து சேரவில்லை. வெறும் வாளி விரைவாக எழுகிறது, பாரம் ஏறியதும் நின்றுவிடுகிறது என்றால், போதிய அழுத்தம் ஏறவில்லை. இதனைக் கவனித்துச் சொல்லும் ஓட்டுநர், மெக்கானிக்கின் வேலையில் பாதியைக் குறைத்துவிடுகிறார்.

முதலில் பாதுகாப்பு

சமதரையில் டிராக்டரை நிறுத்துக. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, வாளியைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுக. பின்னர், பாரந்தூக்கியின் நெம்புகோலைப் பலமுறை முன்னும் பின்னும் அசைத்து, குழாய்களில் தங்கிய அழுத்தத்தை வெளியேற்றுக. எண்ணெய் சூடாக இருந்தால் ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

எண்ணெய்க் கசிவைக் கையால் தடவித் தேடுதல் ஒருபோதும் கூடாது. ஊசித் துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். வெளியே ஒரு சிறு புள்ளியே தெரியலாம். வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். ஆயினும் தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரும். அட்டைத் துண்டு ஒன்றைத் தூரத்திலிருந்து நீட்டியே கசிவைக் கண்டறிய வேண்டும். எண்ணெய் தோலினுள் புகுந்துவிட்டால், மருந்து தடவிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று, நடந்ததைத் தெளிவாகக் கூற வேண்டும்.

எளிய காரணத்திலிருந்து தொடங்குவோம்

முதலாவது, எண்ணெயின் அளவு. வாளி தரையில் இருக்கும்போதே அளவுக்கோலைப் பார்க்க வேண்டும். வாளி உயர்ந்திருக்கையில் எண்ணெயில் ஒரு பகுதி சிலிண்டர்களுக்குள் இருக்கும். அப்போது குறைவதாக எண்ணி ஊற்றினால் பின்னர் மிகுந்துவிடும்.

இரண்டாவது, எண்ணெயின் நிலை. பால் போல் வெளுத்திருந்தால், அதில் நீரோ காற்றோ கலந்துள்ளது. சிறிது எண்ணெயைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்துச் சில மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். தெளிந்துவிட்டால் கலந்திருந்தது காற்று. வெண்மை மாறாதிருந்தாலோ, அடியில் நீர் தங்கினாலோ கலந்தது நீர். 1964ஆம் ஆண்டு வெளிவந்த மாஸி ஃபெர்குசன் 135 போன்ற டிராக்டர்களில் கியர்ப் பெட்டிக்கும் ஹைட்ராலிக் முறைக்கும் ஒரே எண்ணெய்தான். நீர் கலந்தால் இரண்டும் கெடும். கையேட்டில் குறித்த எண்ணெயையே ஊற்ற வேண்டும். பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றுவது நஞ்சை ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, வடிகட்டியும் உறிஞ்சு குழாயும். வடிகட்டி அடைத்திருந்தால் பம்ப் எண்ணெய்க்குத் தவித்து ஓலமிடும். உறிஞ்சு குழாயின் இணைப்புத் தளர்ந்திருந்தால், எண்ணெய் வெளியே கசியாமலேயே காற்று உள்ளே புகும். எண்ணெய் நுரைக்கும், வாளி விட்டுவிட்டு எழும்.

நான்காவது, இயக்கும் முறை. மேலே கூறிய மாஸி ஃபெர்குசன் 135இல் பம்ப் எண்ணெய்க்குள் அமர்ந்து, பி.டி.ஓ. தண்டினால் இயங்குகிறது. இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டியில் மிதியை முழுவதும் அழுத்தினாலும் பம்ப் நின்றுவிடும். இதைப் பழுதென்று எண்ணுதல் தவறு.

பழுது எங்கே இருக்கிறது?

பாரந்தூக்கியும் பின்புறத் தூக்கியும் ஒரே பம்பினால் இயங்குகின்றனவா என்று ஃபோர்மனிடம் கேட்டறிக. ஒரே பம்பாக இருந்து, இரண்டும் தளர்ந்திருந்தால், குறை பொதுவான இடத்தில் உள்ளது. எண்ணெய், வடிகட்டி, பம்ப், அழுத்தம் வரம்பு மீறாமல் காக்கும் வால்வு ஆகியவற்றை ஆராய வேண்டும். பின்புறம் வலுவாக இருந்து பாரந்தூக்கி மட்டும் தளர்ந்தால், அதன் வால்வு, குழாய், இணைப்பு, சிலிண்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வேறொரு சோதனையும் உண்டு. வெறும் வாளியை முழங்கால் உயரத்திற்கு உயர்த்தி எஞ்சினை அணைத்துவிட்டு, விலகி நின்று கவனிக்கலாம். வாளி கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால், சிலிண்டரின் சீலோ வால்வோ உள்ளுக்குள் கசிகிறது. எஞ்சின் நின்றபோது பம்பும் நின்றிருக்கிறது. ஆகவே, இந்த இறக்கத்திற்குப் பம்ப் காரணமாகாது.

குளிர்ந்த காலையில் வலுவும் சூடேறிய நண்பகலில் தளர்வும் காணப்பட்டால், தேய்மானமே காரணமாயிருக்கலாம். சூட்டில் எண்ணெய் நீர்த்து, தேய்ந்த இடைவெளிகளின் வழியே நழுவிவிடுகிறது. இத்தேய்மானம் பம்பிலா, வால்விலா, சிலிண்டரிலா என்பதை அழுத்தமானி பொருத்தித்தான் அறிய இயலும். அது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் பணி. அதற்கு முன், காப்பு வால்வின் திருகை இறுக்கி வலிமையைக் கூட்ட முயல்வது பேராபத்து. குழாய் வெடிக்கும், பாரந்தூக்கியின் கைகள் வளையும், உயிருக்கும் கேடு நேரும்.

கடமையும் உரிமையும்

1994ஆம் ஆண்டின் மலேசியத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, இயந்திரங்களைப் பாதுகாப்பான நிலையில் பராமரிப்பது முதலாளியின் கடமை. தம் பாதுகாப்பையும் உடனிருப்போர் பாதுகாப்பையும் பேணுவது தொழிலாளியின் கடமை. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் ஓர் உரிமையையும் வழங்குகிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிடில், தொழிலாளி அவ்வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். எனவே, வாளி தானே இறங்குகிறது, குழாய் வீங்கியிருக்கிறது என்று கண்டால், அன்றே மண்டோரிடமோ ஃபோர்மனிடமோ தெரிவிக்கத் தயங்க வேண்டியதில்லை. "இன்று மட்டும் ஓட்டிவிடுவோம்" என்னும் எண்ணமே விபத்தின் வாசல்.

நாள்தோறும் வேலை தொடங்குமுன் எண்ணெயின் அளவையும், குழாய்களையும், தரையில் சொட்டிய கறைகளையும் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் பழைய இயந்திரத்தின் ஆயுளை நீட்டும். அதற்கும் மேலாக, அதனருகே உழைக்கும் நம் தோழர்கள் மாலையில் நலமாக வீடு திரும்பத் துணை நிற்கும்.