மறதிக்கு எதிராக ஒரு மண்டபம்

1934 நவம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி அணியா, இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியா என்ற நிலை வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி தங்கம் வென்றது. இங்கிலாந்தில் அவருக்கோ ஒரு டெஸ்டில்கூட வாய்ப்புக் கிட்டவில்லை. இன்று சேப்பாக்கத்தில் திரளும் இளைஞர்களில் எத்தனை பேர் அவரை அறிவர்?

இத்தகைய மறதியைத் தவிர்க்கவே அமெரிக்காவின் பல மாநிலங்கள் தத்தம் வீரர்களுக்குப் புகழ் மண்டபம் அமைத்துள்ளன. யாரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு, நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் 1939-இல் திறக்கப்பட்ட பேஸ்பால் மண்டபம் நல்ல எடுத்துக்காட்டு.

அங்கு, முதன்மை லீக்கில் பத்தாண்டுகள் ஆடி, ஓய்வுபெற்று ஐந்தாண்டுகள் கடந்தவரே பரிசீலனைக்கு உரியவர். அனுபவமிக்க விளையாட்டுச் செய்தியாளர்கள் வாக்களிக்கின்றனர். 75 விழுக்காடு பெற்றால்தான் இடம். காத்திருப்புக் காலம் அன்றைய ஆரவாரத்தை வடிகட்டுகிறது. உயர்ந்த வரம்பு, சிலரது செல்வாக்கால் மட்டும் ஒருவர் நுழைவதைத் தடுக்கிறது. அளவின்றி அச்சிடப்படும் பணம் மதிப்பிழப்பது போலவே, அளவின்றி வழங்கப்படும் விருதும் மதிப்பிழக்கும்.

ஆயினும், அவ்விதிகளில் ஒரு குறை இருந்தது. 1947 வரை முதன்மை லீக்கின் கதவுகள் கருப்பின வீரர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. ஆடவே விடப்படாதவர்களிடம் பத்தாண்டு ஆட்டத்தைக் கேட்டது விதி. தனிக்குழு அமைக்கப்பட்ட பின்னரே சாட்செல் பெய்ஜ் 1971-இல் இடம்பெற்றார். ஜோஷ் கிப்சனுக்கு 1972-இல், அவர் மறைந்து 25 ஆண்டுகளுக்குப் பின்னரே அந்தப் பெருமை கிட்டியது.

தமிழ்நாட்டுக்கென ஒரு மண்டபம் எழுமானால் இவ்விரு பாடங்களும் நமக்கு வேண்டும். தேர்வுக்குழு ஆட்சி மாற்றங்களுக்கு அப்பாற்பட்டதாக இருத்தல் அவசியம். இந்தியாவின் முதல் சர்வதேச செஸ் மாஸ்டர் மானுவல் ஆரோன், இருமுறை கேரம் உலக சாம்பியனான மரிய இருதயம் ஆகியோர் கிரிக்கெட் வீரர்களின் நிழலில் மறைந்துவிடக் கூடாது. வாய்ப்பும் விளம்பரமும் கிட்டாத கபடி வீராங்கனைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிக்குழு தேவை.

கட்டடத்துக்கு முன்பாகத் தொடங்க வேண்டிய பணி ஒன்று உண்டு. நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றில் பல்லாண்டு விளையாட்டுப் பதிவேடுகள் பழைய காகிதமாக எடைக்குப் போடப்பட்டதைக் கண்டிருக்கிறேன். மாவட்டச் சங்கங்களின் ஆட்டக் குறிப்பேடுகளையும், மூத்த வீரர்களின் வீடுகளில் உள்ள சான்றிதழ்களையும் புகைப்படங்களையும் இப்போதே திரட்டுதல் வேண்டும். பணம் கிடைத்தால் மண்டபத்தை எப்போதும் கட்டலாம். எடைக்குப் போன பதிவேட்டை மீட்க முடியாது.